இணையவழி வகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையவழியில் பாடம் நடத்துவோரிடமிருந்து சென்ற இதழில் கேள்விகளை வரவேற்றிருந்தோம். பாலிடெக்னிக் விரிவுரையாளர் முதல் பாட்டு ஆசிரியை வரை பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கி இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சனிக்கிழமைகளில் இணையவழி வகுப்பு. ஏறத்தாழ அறுபது மாணவர்கள் இணைகிறார்கள். பாடத்தை நடத்திவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஓரிருவர் ‘எஸ் சார்’ என்பார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே வராது. அடுத்த வாரம் அதே பாடத்தில் கேள்வி கேட்டால் பதில் இல்லை. நான் எதை மாற்ற வேண்டும்?
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

பதில்: ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். நேரடி வகுப்பிலும் அதற்கு உண்மையான பதில் வருவதில்லை. ஆனால் அங்கே மாணவர்களின் முகமே உங்களுக்குத் தகவல் சொல்லிவிடும். யாரோ ஒருவர் புருவத்தைச் சுருக்குவதைப் பார்த்து, நீங்களாகவே இன்னொரு முறை விளக்கிவிடுவீர்கள். இணைய வகுப்பில் அந்தத் தகவல் வந்து சேராது என்பதால், மாணவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை வெளியே கொண்டுவரும் வேலையைப் பாடத் தயாரிப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன பேசப்போகிறோம் என்று யோசிப்பதைவிட, மாணவர் என்ன செய்யப்போகிறார் என்று யோசிப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கங்களில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 21 நிமிடம் ஓடும் இணையவழி விரிவுரை ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு பிரிவினருக்குச் சிறு தேர்வு வைத்தார்கள், மற்றவர்களுக்கு வைக்கவில்லை. தேர்வு எழுதியவர்களின் கவனச் சிதறல் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். விரிவுரை ஒன்றுதான், நீளமும் ஒன்றுதான். இடையிடையே பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதே மருந்துதான். ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களும், படித்ததை ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது: எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவு வைத்திருந்தார்கள், திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காட்டை. ஆகவே சனிக்கிழமை வகுப்பைப் புதிய பாடத்தோடு தொடங்காமல், சென்ற வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். மதிப்பெண் வேண்டாம், விடைத்தாள் வேண்டாம், நோட்டைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தால் போதும்.

இனி, கேள்வியை எப்படி அமைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வகுப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. மின்சுற்றுப் பாடம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் மின்தடை இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்த மின்தடை எவ்வளவு என்று கேட்டு, 20, 10, 5, 0.2 என்று நான்கு விடைகளைத் தாருங்கள். 20 என்று சொல்பவர் தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். 0.2 என்பவருக்குச் சூத்திரம் தெரியும். பத்தில் ஒன்றையும் பத்தில் ஒன்றையும் கூட்டியும்விட்டார். கடைசியில் தலைகீழி எடுக்க மறந்துவிட்டார். 10 என்பவர் இரண்டாவது மின்தடையால் மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறக்கிறது என்பதையே உணரவில்லை. இந்த மூவருக்கும் சொல்ல வேண்டிய விளக்கம் வேறு வேறு. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்திலிருந்து பிறந்ததாக இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி உங்களுக்குப் பயன்படும். கைக்கு வந்த எண்களை நிரப்பிவைத்தால் யார் சரி, யார் தவறு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘விடையைச் சாட்டில் தட்டச்சு செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லி ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு ‘இப்போது அனுப்புங்கள்’ என்றால் அறுபது விடைகளும் ஒரே நேரத்தில் வந்து விழும். முதலில் பதில் சொல்லும் இரண்டு பேரின் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது இதனால் நின்றுபோகும். அந்த ஒரு நிமிட அமைதி நமக்குத்தான் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் பதில் நீளமும் தரமும் கூடுகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைகளில் கண்டு எழுதியிருக்கிறார். ஒலி தாமதமாகப் போய்ச் சேரும் இணைய வகுப்பில் இன்னும் அதிகமாகவே காத்திருக்க வேண்டும்.

விடைகள் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றால் உடனே சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். மூன்று மூன்று பேராகச் செயலியில் உள்ள தனி அறைகளுக்கு (பிரேக்அவுட் ரூம்) அனுப்பி, ஒருவரையொருவர் ஒப்புக்கொள்ளவைக்கச் சொல்லி, நான்கு நிமிடம் கழித்து அதே கேள்விக்கு மறுபடி விடை கேளுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தம் வகுப்பில் தொடங்கிய முறையிலிருந்து எடுத்தது இது. இணையத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே டேலி மென்பொருளில் கணக்குப் பயிற்சியை வீடியோவாகப் பதிவு செய்து விற்கிறேன். ஒவ்வொரு பாடமும் 45 நிமிடம். பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் பலர் மூன்றாவது பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீடியோவைச் சுருக்கினால் சரியாகிவிடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சுருக்க வேண்டியது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது.

எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 இலட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. பளபளப்பான அரங்கில் எடுத்த வீடியோவைவிட, ஆசிரியர் தம் மேசையிலிருந்து இயல்பாகப் பேசிய வீடியோ கூடுதல் நேரம் பார்க்கப்பட்டது. நிலையான ஸ்லைடைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கியது கூடுதலாக ஈர்த்தது. ஆகவே செலவு செய்து ஸ்டுடியோ தேட வேண்டாம். ஆனால் 45 நிமிட வீடியோவை ஏழு துண்டாக வெட்டிவிட்டால் அது ஏழு பாடமாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டு ஒரு கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல வேண்டும். ‘விற்பனைப் பதிவு – பகுதி 3’ என்பதைவிட ‘உள்மாநில விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவது எப்படி?’ என்ற தலைப்பு கற்பவருக்கும் தெளிவு, உங்களுக்கும் கடிவாளம்.

கணக்குப் பயிற்சியில் பார்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் கைவராது. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ஒரு பில்லைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். 10,000 ரூபாய்க்குச் சரக்கு, வரி 18 விழுக்காடு, வாங்கியவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் மொத்தம் 11,800 வர வேண்டும். மத்திய வரி 900, மாநில வரி 900. அடுத்த வீடியோவைத் தொடங்கும்போது, ‘உங்களுக்கு 10,900 வந்திருந்தால் இரண்டில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்; 11,800 வந்தும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாகக் காட்டினால் வாங்கியவரின் மாநிலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்’ என்று சொல்லுங்கள். வகுப்பில் நேரில் இல்லாத ஆசிரியர் மாணவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

திரையில் இருக்கும் வரிகளை அப்படியே வாசிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களைச் சுமக்கும்போது புரிதல் குறைகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்குவதே நல்லது. பின்னணி இசையும் வேண்டாம்.

பாதியில் நிற்பதைப் பற்றி மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய படிப்புகளில் 2017–18ஆம் ஆண்டில் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காட்டினரே, சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிடையே இந்த அளவு பல மடங்கு கூடுதல். நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் படிப்பில் ஆள் குறைவது உலகெங்கும் உள்ளதுதான். அதைத் தடுக்க நான் கண்டவற்றில் பயன் தந்தது தேதி குறிப்பதுதான்: எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்பதை மாற்றி, மாதத்துக்கு ஒரு தொகுதியாகச் சேர்த்து, வாரம் ஒருநாள் அரை மணி நேரம் நேரலையில் வந்து ஐயம் தீர்த்துப் பாருங்கள். தம்மோடு இன்னும் பலர் படிக்கிறார்கள், ஆசிரியை தம் பெயரை அறிந்திருக்கிறார் என்ற உணர்வு ஒருவரை நான்காவது பாடத்துக்கு நகர்த்தும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு இணையத்தில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். சேர்ந்து பாடினால் தாளம் கலைந்துவிடுகிறது. தம்புராவும் சில நேரம் கேட்பதில்லை. குழந்தையின் குறையா, கருவியின் குறையா என்றே தெரியவில்லை.
– பாட்டு ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: குழந்தையின் குறை இல்லை. அதை முதலில் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒலி இணையத்தில் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. கண்டம் தாண்டிய அழைப்பில், உங்கள் குரல் அங்கே போய், குழந்தையின் குரல் உங்களிடம் திரும்பி வருவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிவது மிகச் சாதாரணம். விநாடிக்கு ஓர் அட்சரம், அதாவது ஒரு தட்டு, என்று தாளம் போட்டுத் தொடக்கப் பயிற்சியான சரளிவரிசையை மூன்றாம் காலத்தில் பாடினால் ஓர் அட்சரத்துக்கு நான்கு சுரங்கள். ஒரு சுரத்துக்குக் கால் விநாடி. அப்படியென்றால் குழந்தை சரியாகவே பாடினாலும் உங்கள் காதுக்கு ஏறத்தாழ ஒரு சுரம் பின்தங்கித்தான் கேட்கும். நீங்கள் அதற்கு இணங்கி மெதுவாக்குவீர்கள், குழந்தை உங்களைக் கேட்டு இன்னும் மெதுவாக்கும், கடைசியில் இருவரும் நின்றுவிடுவீர்கள். எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் தொலைவு தொலைவுதான். ஆகவே சேர்ந்து பாடுவதை வகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். நீங்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடுங்கள், குழந்தை தனியாகத் திருப்பிப் பாடட்டும். குழந்தை பாடும்போது நீங்கள் தாளம் போட வேண்டாம். குழந்தையே தன் தொடையில் தட்டட்டும், கை திரையில் தெரியும்படி கேமராவைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தாளத்தைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும் குழந்தைக்குக் காலப்பிரமாணம் (வேகம் மாறாமை) சீக்கிரமே நிலைபெறுவதை நான் கவனித்திருக்கிறேன். நேரடி வகுப்பில் குருவின் தாளத்தில் சாய்ந்துகொள்ளும் வசதி இருப்பதால் இது தள்ளிப்போகும்.

தம்புரா மறைவதற்குக் காரணம் வேறு. ஜூம் போன்ற செயலிகள் மின்விசிறி, ஏசி போல மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடுகின்றன. தம்புராவின் ஒலியும் மாறாமல் ஒலிப்பதுதான். நீளமாக இழுத்த சட்ஜமும் சில வேளை இதில் அடிபடும். ஜூமில் இசைக் கலைஞர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை இரு பக்கமும் இயக்க வேண்டும். அதைவிட நல்லது, இருவரும் அவரவர் இடத்தில் ஒரே கட்டையில் (சுருதி அளவில்) சுருதிப் பெட்டியோ செயலியோ வைத்துக்கொள்வது. குழந்தை தன் அறையில் ஒலிக்கும் சுருதியோடு சேர வேண்டுமே தவிர, கடல் கடந்து நசுங்கி வரும் சுருதியோடு அல்ல.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, திருத்துவது நேரலையில் கடினம், ஏனெனில் நுண்ணிய அசைவுகளை அழைப்பின் ஒலி மழுங்கடித்துவிடும். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே ஒரு வரியை மட்டும் செல்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ‘இரண்டாவது ஆவர்த்தனத்தில் காந்தாரம் தட்டையாக நிற்கிறது, மத்யமத்தைத் தொட்டு இறக்கு’ என்பது போல ஒரே ஒரு திருத்தத்தைக் குரல் செய்தியாகத் திருப்பி அனுப்புங்கள். குழந்தை தன் பாட்டைத் தானே கேட்டுப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு அனுப்பும். பாதித் திருத்தம் அதிலேயே நடந்துவிடும்.

கேள்வி: மாணவிகள் கேமராவை அணைத்துவிட்டு அமர்கிறார்கள். கட்டாயம் இயக்க வேண்டும் என்று விதி போடலாமா?
– கல்லூரிப் பேராசிரியை, திருநெல்வேலி

பதில்: போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒற்றை அறை வீட்டில், பின்னால் தம்பி உடை மாற்றிக்கொண்டிருக்க, பாட்டி படுத்திருக்க, ஒரு பெண் தன் வீட்டை அறுபது பேருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று நாம் கேட்கக் கூடாது. உடல் சோர்வும் உண்மையானது: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், மிக அருகில் தெரியும் முகங்கள், இடைவிடாமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் அமர வேண்டிய நிலை, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக முயல வேண்டியிருப்பது ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுகிறார். தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதியை மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பின் முதல் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்லும்போது மட்டும், முடிந்தவர்கள் இயக்கட்டும். நீங்கள் தேடுவது அவர்கள் கவனிக்கிறார்களா என்பதைத்தான். அதை முகத்தைவிடச் சாட்டில் வரும் விடை நம்பகமாகச் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் விட்டு விட்டு வரும். மாணவர்கள் பாதி வகுப்பைத் தவறவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– தனிப்பயிற்சி ஆசிரியர், நீலகிரி

பதில்: நேரலையை நம்பிப் பாடத்தை அமைக்காதீர்கள். நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் இருக்கும் மாணவருக்கு ஒரு மணி நேர வீடியோ அழைப்பே பெரும்பகுதியைத் தின்றுவிடும். இரண்டு பக்கக் குறிப்பைக் கையால் எழுதிப் படமெடுத்து முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிட ஒலிப்பதிவில் அதை விளக்குங்கள். நேரலையை இருபது நிமிடமாகக் குறைத்து, ஐயம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்பினால் பலவீனமான சிக்னலிலும் ஓரளவு நிற்கும்.

கேள்வி: நல்ல கேமரா வாங்க எண்ணுகிறேன். எது வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பணத்தில் முதலில் காலரில் குத்தும் மைக் ஒன்றை வாங்குங்கள். படம் மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் எதிரொலித்தால் எழுந்து போய்விடுவார். சன்னலுக்கு முதுகு காட்டாமல், சன்னலைப் பார்த்து அமர்ந்தால் பழைய செல்பேசிக் கேமராவே தெளிவாகத் தெரியும். கணக்குப் பாடம் என்றால் செல்பேசியைத் தாளுக்கு மேலே கவிழ்த்து நிறுத்த ஒரு தாங்கி போதும்.

கேள்வி: இணையவழித் தேர்வில் எல்லோரும் ஒரே விடையை எழுதுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. மதிப்பீட்டை எப்படி நம்புவது?
– வணிகவியல் ஆசிரியர், மதுரை

பதில்: சான்றிதழ் தரும் இறுதித் தேர்வை வீட்டில் வைத்து நம்புவது கடினம். பெரிய நிறுவனங்களே இதை உணர்ந்திருக்கின்றன. ஐஐடிகளின் இணையவழிப் படிப்புத் திட்டமான என்பிடெல்லில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண்ணும், தேர்வு மையத்துக்கு நேரில் வந்து எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் என்று பிரித்திருக்கிறார்கள்; சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பிலும் பாடம் வீட்டில், முக்கியத் தேர்வு நேரில். உங்கள் பள்ளியிலும் இறுதித் தேர்வை நேரில் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது.

ஆனால் வாராந்தரப் பயிற்சியின் நோக்கம் வேறு. அதற்கு மதிப்பெண்ணைக் கூட்டக் கூட்டத்தான் பார்த்து எழுதும் ஆசை கூடும். மதிப்பெண்ணைக் குறைத்து, திருத்தத்தைக் கூட்டுங்கள். கேள்வியையும் மாணவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுங்கள். ‘கட்டண விகிதப் படிநிலை என்றால் என்ன?’ என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். ‘உங்கள் வீட்டின் கடைசி இரண்டு மின்கட்டண இரசீதுகளைப் பாருங்கள், இலவச யூனிட்டுகளைக் கழித்து, தொகை எப்படி வந்தது என்று படிப்படியாக எழுதுங்கள், யூனிட் கூடியதைவிடத் தொகை அதிக விகிதத்தில் கூடியிருந்தால் காரணம் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விடை. செயலியின் உதவியோடு எழுதினாலும் தன் வீட்டு எண்களை அவர் கையாண்டே ஆக வேண்டும். இரசீது இல்லாத வீட்டு மாணவருக்கு மாதிரி இரசீது ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

எழுதி அனுப்பியவர்களில் வாரத்துக்கு ஆறு பேரை அழைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் ‘இந்த வரியில் ஏன் பெருக்கினாய்?’ என்று வாய்மொழியாகக் கேளுங்கள். எந்த வாரம் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பருவம் முடிவதற்குள் எல்லோரும் ஒருமுறை வந்துவிடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் குரலைத் தாழ்த்தி, குற்றம் கண்டுபிடிக்கும் தோரணை இல்லாமல் பேசுங்கள். விடை தெரியாவிட்டால் அங்கேயே சொல்லிக் கொடுத்து, அடுத்த வாரம் அதே கணக்கை வேறு எண்களோடு மறுபடி செய்யவையுங்கள்.